பழைய பைபர் படகு வாங்கப் போறீங்களா? பெயிண்ட்டைப் பார்த்து ஏமாறாதீங்க!

காசிமேடு:

அடுத்தவர் படகில் பங்குக்குப் போகும் மீனவர்களுக்கு எல்லாம் ஒரே கனவுதான். நமக்குன்னு ஒரு படகு!

ஆனால் புது பைபர் படகு, புது என்ஜின், வலை என்று கூட்டிப் பார்த்தால் கணக்கு பல லட்சத்தில் போய் நிற்கிறது. நகையை வைத்தாலும் பத்தாது. அதனால்தான் பழவேற்காடு, எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு, பட்டினப்பாக்கம், கோவளம் என்று கடற்கரை நெடுக பழைய படகுக்கு எப்பவும் கிராக்கி.

விலை படிந்து, கை மாறி, பூ சுற்றி, சூடம் காட்டி கடலில் இறக்கிவிடுகிறார்கள். அதற்கு அப்புறம்தான் பலருக்கு வண்டவாளம் தெரிகிறது. சிலருக்கு அது தெரிவது நடுக்கடலில்!

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்க. பெரிய விசைப்படகில் 8 பேர், 10 பேர் போனால் அது பல வீட்டு ஆட்கள். சின்ன பைபர் படகு அப்படி இல்லை. அப்பா, இரண்டு பிள்ளைங்க, ஒரு மருமகன் என்று 4 பேர் போவார்கள். நாலு பேரும் ஒரே வீடு. அந்தப் படகு ஏமாற்றினால் அந்த வீட்டில் சம்பாதிக்க ஒருத்தர்கூட மிச்சம் இருக்க மாட்டார்.

அதனால் குடும்பத்தோடு தொழில் செய்யப் படகு பார்க்கிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு வேகம் போகும்?' என்பது இல்லை. 'எத்தனை வலை ஏத்தலாம்?' என்பதும் இல்லை.

உள்ளே தண்ணி ரொம்பிட்டா மிதக்குமா, மூழ்குமா? இதுதான் கேள்வி.

மரம் மிதந்தது, பைபர் மிதக்காது!

நம்ம தாத்தா காலத்துக் கட்டுமரத்துக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அது கட்டையைக் கட்டிச் செய்தது. அலை மேலே ஏறினால் தண்ணீர் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் வழிந்துவிடும். கவிழ்ந்தால்கூட கட்டையைப் பிடித்துத் தொங்கலாம். மூழ்கிப்போச்சு என்ற பேச்சே இல்லை.

பைபர் படகு அப்படியல்ல. அது ஒரு கிண்ணம். காலியாக இருக்கும்வரை மிதக்கும். கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த பைபர், தண்ணீரைவிட கனமான பொருள். ஒரு துண்டு பைபரை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்க. நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் தண்ணி ரொம்பிய பைபர் படகை மிதக்க வைப்பது எது? உள்ளே அடைத்து வைத்திருக்கும் தெர்மாகோல், போம், இல்லாவிட்டால் காற்று அடைத்த பெட்டி. அணியத்தில், பக்கவாட்டில், உட்காரும் பலகைக்கு அடியில் மூடி வைத்திருப்பார்கள். வெளியே தெரியாது. தெரியாத இடத்தில்தான் மிச்சம் பிடிப்பார்கள் என்பது நம்ம ஊர் வழக்கம்!

'போன வருஷம்தான் அடிச்சது அண்ணே'

பழைய படகு பார்க்கப் போனால் புரோக்கர் சொல்லும் முதல் வசனம் இதுதான். 'போன வருஷம்தான் பெயிண்ட் அடிச்சது அண்ணே. சும்மா கண்ணாடி மாதிரி இருக்குது பாருங்க' என்பார்.

பெயிண்ட் எப்போது அடித்தது என்பது நமக்கு எதற்கு? படகு எப்போது கட்டியது என்று கேளுங்க.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழக கடற்கரையில் ஆயிரக்கணக்கான கட்டுமரமும் படகும் போயின. அதற்கப்புறம் தொண்டு நிறுவனங்கள் பைபர் படகுகளை வாரி வழங்கின. தேவை திடீரென்று ஏறியதால் கடற்கரை நெடுக புதிது புதிதாகப் பட்டறைகள் முளைத்தன. நல்ல பட்டறையும் இருந்தது. நாலு அடுக்கு மேட் போட வேண்டிய இடத்தில் இரண்டு அடுக்கோடு முடித்த பட்டறையும் இருந்தது. அந்தக் காலத்துப் படகுக்கு இப்போது வயது 20ஐ தாண்டிவிட்டது. அதில் பல இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்தது, 2018 நவம்பர் 16 கஜா புயல். வேதாரண்யம் பக்கமும் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்கரையிலும் நிறுத்தியிருந்த படகுகளைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டது. ஒட்டுப்போட்டு சரி செய்தவையும் அதில் உண்டு. ஒட்டுப்போட்டது தப்பில்லை, அதை மறைப்பதுதான் தப்பு. நாகை, கோடியக்கரை பக்கத்தில் இருந்து வந்த படகு என்றால் கஜாவில் எங்கே இருந்தது என்று வாய்விட்டுக் கேளுங்க.

நம்ம பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் எல்லாம் கருப்பானது. அங்கே நின்ற படகுகளும் எண்ணெயில் குளித்தன. வெளியே தேய்த்துக் கழுவிவிடலாம். விரிசல் வழியாக உள்ளே போனதை யார் கழுவுவது?

இதை ஏன் சொல்கிறோம் என்றால் பெட்ரோலுக்கும் தெர்மாகோலுக்கும் ஆகவே ஆகாது. சந்தேகம் இருந்தால் அடுப்பு பக்கம் இல்லாமல் வெளியே வைத்து ஒரு சின்னத் துண்டு தெர்மாகோலில் பெட்ரோல் விட்டுப் பாருங்க. சர்க்கரைப் பாகு மாதிரி கரைந்து சுருங்கிவிடும். எரிபொருள் டேங்க் ஒழுகி, அடியில் தேங்கி, மூடிய பெட்டிக்குள் கசிந்தால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். மேலே மூடி அப்படியே இருக்கும்!

கட்டும்போதே கெட்டுப்போவதும் உண்டு. ரெசினில் உள்ள ஸ்டைரின் தெர்மாகோலை அரிக்கும். நேரடியாக தெர்மாகோல் மேல் ரெசினைத் தடவினால் அப்பவே பாதி கரைந்துவிடும். நல்ல பட்டறையில் நடுவே தடுப்பு கொடுப்பார்கள், இல்லாவிட்டால் பி.யு. போம் போடுவார்கள். அதற்கு விலை கொஞ்சம் கூட.

தண்ணி ரொப்பிப் பாருங்க!

பழைய படகு வாங்கும்போது என்ஜினை ஓட்டிப் பார்க்காதவர் யாரும் இல்லை. தண்ணி ரொப்பிப் பார்த்தவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

செய்வது ரொம்ப சுலபம். அலை இல்லாத இடமாகப் பாருங்க. முகத்துவாரத்தின் உள்பக்கம், துறைமுகத்தின் ஓரம், இடுப்பளவு தண்ணீர் போதும். என்ஜின், பேட்டரி, வலை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்க. இன்னொரு படகில் கயிறு கட்டிக்கொள்ளுங்க. என்ஜின் மாட்டும் இடத்தில் அதே எடைக்கு மணல் மூட்டை கட்டுங்க. 9.9 எச்.பி. வெளிப்பொருத்து என்ஜின் என்றால் ஏறக்குறைய 40 கிலோ. டீசல் லாங்டெயில் என்றால் இன்னும் கூட.

இப்போது வாளியாலோ பம்ப்பாலோ படகுக்குள் தண்ணீர் விடுங்க. உள்ளே தண்ணீரும் வெளியே கடலும் ஒரே மட்டம் வரும்வரை விட வேண்டும். அப்புறம் 4 பேர் லைப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உள்ளே உட்காருங்க.

முதலில் பார்க்க வேண்டியது, படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே நிற்கிறதா என்று. விளிம்பு மேலே இருந்தால்தான் உள்ளே உள்ள தண்ணியை வாளியால் இறைக்க முடியும். விளிம்பும் தண்ணிக்குள் போய்விட்டால் நீங்க ஒரு வாளி இறைத்தால் கடல் பத்து வாளி ஊற்றும். விடிய விடிய இறைத்தாலும் ஒன்றும் ஆகாது.

அடுத்து, படகு மட்டமாக நிற்கிறதா? சில படகில் அணியத்தில் மட்டும் தெர்மாகோலை அடைத்து வைத்திருப்பார்கள். தண்ணி ரொம்பியதும் என்ஜின் பக்கம் கீழே போய், அணியம் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். அதில் ஒருவர் தொங்கலாம். நாலு பேர்?

இன்னொன்று, 4 பேரும் ஒரே பக்கமாக நகர்ந்து பாருங்க. சட்டென்று புரள்கிறதா? அடித்தளத்தில் மட்டும் போம் வைத்த படகுக்கு இந்த வியாதி உண்டு. மிதக்கிற பொருள் எப்போதும் மேலே வரப் பார்க்கும். அது அடியில் இருந்தால் படகைக் கவிழ்த்துக்கொண்டு மேலே வரும். பக்கவாட்டில், விளிம்பை ஒட்டி உயரத்தில் இருந்தால் தண்ணி ரொம்பினாலும் படகு நிமிர்ந்து நிற்கும்.

எவ்வளவு போம் வேண்டும்? தோராயமாக ஒரு கணக்கு. பைபரை முழுக்கத் தண்ணியில் அமிழ்த்தினால் அதன் எடை மூன்றில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். 600 கிலோ படகு என்றால் தண்ணிக்குள் 200 கிலோ. என்ஜின், நங்கூரம், டேங்க் என்று 60 கிலோ வைத்துக்கொள்ளுங்க. பாதி உடம்பு தண்ணிக்குள் இருக்க உட்கார்ந்திருக்கும் 4 பேருக்கு ஆளுக்கு 30 கிலோ, மொத்தம் 120. ஆக 380 கிலோ. ஒரு லிட்டர் இடத்துக்கு மிதவை இருந்தால் சுமார் ஒரு கிலோவைத் தாங்கும். அப்படியானால் 400 லிட்டர், அதாவது பெரிய டிரம் இரண்டு அளவுக்கு மிதவை. இது மூழ்காமல் இருக்க மட்டும். விளிம்பு தண்ணிக்கு மேலே நிற்க வேண்டும் என்றால் அதைவிடத் தாராளமாக வேண்டும். நீங்க பார்க்கும் படகில் அந்த அளவுக்கு மூடிய இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

'தண்ணியெல்லாம் ரொப்ப விடமாட்டேன்' என்று விற்பவர் முறுக்கிக்கொள்ளலாம். அவரைத் திட்டாதீங்க, எல்லோரும் அப்படித்தான். மூடிய பெட்டியில் ஒரே ஒரு சின்ன துளை போட்டுப் பார்க்கக் கேளுங்க. துளை அடைக்கும் செலவு உங்களுடையது. கம்பியை விட்டுப் பார்த்தால் உள்ளே போம் இருக்கிறதா, வெறும் கூடா என்பது தெரியும். தண்ணி சொட்டினால் போம் ஊறிப்போச்சு. ஊறிய போம் மிதவை இல்லை, சுமை. அதற்கும் சம்மதிக்காவிட்டால் அடுத்த படகைப் பார்க்கலாம்.

மற்றதெல்லாம் நன்றாக இருந்து மிதவை மட்டும் குறைவு என்றால் வழி இருக்கிறது. மூடி இறுக்கமான 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களைப் பக்கவாட்டில், பலகைக்கு அடியில் வரிசையாக வைத்துக் கட்டலாம். 20 கேன் என்றால் 400 லிட்டர். பார்க்க அழகாக இருக்காது. கட்டு மட்டும் பலமாக இருக்க வேண்டும். தண்ணி ரொம்பும்போது ஒவ்வொரு கேனும் 20 கிலோ பலத்தோடு மேலே இழுக்கும். சணல் கயிறு தாங்காது.

ஒத்தை ரூபாய் காசு போதும்

இனி படகின் உடம்பு. கரையில் கவிழ்த்துப் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

மணலில் இழுத்து இழுத்து அடிப்பாகம் தேய்ந்திருக்கும். டிராக்டர் வைத்து இழுக்கிற ஊர் என்றால் தேய்மானம் இன்னும் அதிகம். மேல்பூச்சு போய் வெள்ளை நார் தெரிந்தால் அந்த நார் திரி மாதிரி தண்ணியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். படகு வருஷா வருஷம் கனமாகும். முன்னே 8 பேர் தூக்கிய படகை இப்போது 12 பேர் தூக்குகிறார்கள் என்றால், சோறு குறைவாகச் சாப்பிட்டதால் இல்லை!

கையில் ஒரு ரூபாய் காசை எடுத்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்க. 'டங் டங்' என்று கெட்டியாகச் சத்தம் வந்தால் நல்லது. ஒரு இடத்தில் 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது, இல்லை தண்ணி புகுந்திருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போடுங்க. கடைசியில் எத்தனை வட்டம் என்று எண்ணினால் விலை பேச வசதி.

கொப்பளம் இருந்தால் ஒன்றை ஆணியால் குத்திப் பாருங்க. காடி மாதிரி வாடையோடு நீர் வந்தால் பைபருக்குள் ஈரம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

ராத்திரி டார்ச் லைட் சோதனையும் நல்ல சோதனை. கலர் அடர்த்தியாக இல்லாத படகாக இருந்தால் உள்ளே ஒருவர் டார்ச்சைப் பிடிக்க, வெளியே நின்று பாருங்க. மெல்லிசான இடம் பளிச்சென்று தெரியும். ஒட்டுப்போட்ட இடம் இருட்டாகத் தெரியும். தண்ணி வெளியேற்றும் துளையின் ஓரத்தில் விரலை விட்டுத் தடவினால் பைபர் எவ்வளவு தடிமன் என்பதும் தெரிந்துவிடும்.

படகு முழுக்க பழசு, ஒரு இடம் மட்டும் புது பெயிண்ட், ரெசின் வாடை வேறு அடிக்கிறது... சொல்லவே வேண்டாம். அந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு.

பின்பலகை ஜாக்கிரதை

படகில் அதிகம் அடி வாங்குவது என்ஜின் மாட்டும் பின்பலகை. வெளியே பைபர், உள்ளே மரப்பலகை அல்லது பிளைவுட். போல்ட் துளை வழியாகத் தண்ணி இறங்கி, மரம் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் அலையில் தூக்கிப் போடும்போது என்ஜின் பலகையோடு கழன்று கடலுக்குள் போய்விடும். பின்பக்கம் திறந்த வீடு மாதிரி ஆகிவிடும்.

இதைச் சோதிக்க மெக்கானிக் வேண்டாம். என்ஜின் மாட்டியிருக்கும்போது அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்க. பலகை வளைந்து கொடுக்கிறதா? மூலையில் தலைமுடி போல விரிசல் ஓடுகிறதா? ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்க. துளையில் இருந்து காபி கலரில் தண்ணி வந்தால், மரத்தூள் சேறு மாதிரி ஒட்டினால், பின்பலகை முடிந்த கதை. மாற்றலாம். ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

லாங்டெயில் என்ஜின் வைத்த படகு என்றால் என்ஜின் உட்காரும் மேடையைப் பாருங்க. டீசல் என்ஜினின் அதிர்வில் அந்த மேடையைச் சுற்றித்தான் முதல் விரிசல் வரும்.

என்ஜின் சூடா, ஆறியதா?

என்ஜினைப் பற்றி நம்ம ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு சின்ன தந்திரம். நீங்க போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருப்பார்கள். சூடான என்ஜின் எல்லாம் முதல் இழுப்பிலேயே கிளம்பும். போனதும் முதலில் கையை வைத்துப் பாருங்க. சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசி, ஆறியதும் இழுங்க.

கியர் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணி புகுந்திருக்கிறது. வெளிப்பொருத்து என்ஜினில் குளிர்விக்கும் தண்ணி பைப்பில் இருந்து ஒரே சீராக வருகிறதா என்று பாருங்க.

வெளிப்பொருத்து என்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிறு இருக்கிறதா என்பதையும் பாருங்க. ஓட்டுபவர் இடுப்பிலோ கையிலோ மாட்டிக்கொண்டால், அவர் தவறி விழுந்ததும் என்ஜின் தானாக நின்றுவிடும். பழைய படகில் பெரும்பாலும் அந்தக் கயிறு இருக்காது, ஒரு கம்பியை வளைத்துச் சொருகி வைத்திருப்பார்கள். புதுக் கயிறுக்கு ஆகும் செலவு ஒரு நாள் டீசல் காசுகூட வராது.

கடலுக்கு ஏற்ற படகு

பாக் நீரிணையில் ஆழம் குறைவு, பெரும்பாலும் கரையில் அலை உடையாது. அந்தப் பக்கம் ஓடிய தாழ்ந்த விளிம்புப் படகை மலிவாகக் கிடைக்கிறதே என்று லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சென்னைக் கரையில் இறக்கினால், முதல் அலையே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். திறந்த கரையில் அலையைக் கிழித்துப் போக அணியம் உயரமாக இருக்க வேண்டும். கன்னியாகுமரி மேற்குக் கரையில் ஆனி, ஆடி அலைக்கு இன்னும் உயரம் கேட்பார்கள்.

நீங்க தொழில் செய்யும் கரையில் மற்றவர்கள் எந்த மாதிரி படகு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்க. அதுதான் அந்தக் கடலுக்கு ஏற்றது. நாலு பேர், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றிய பிறகு விளிம்பு தண்ணீரில் இருந்து முழங்கை அளவாவது மேலே நிற்காத படகு குடும்பத்துக்கு ஆகாது.

பேப்பர் இல்லாவிட்டால் கடலில் வழக்கு

படகு நல்லா இருக்கு. இனி பேப்பர். மீன்வளத்துறை கொடுத்த, 'ஐ.என்.டி. - டி.என்.' என்று ஆரம்பிக்கும் பதிவு எண் படகில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்க. என்ஜின் நம்பரையும் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்க. திருட்டு என்ஜின் கைமாறுவது புதுக் கதை இல்லை.

பெயர் மாற்றாமல் ஓட்டினால் மானிய விலை எரிபொருள் கிடைக்காது. புயலில் படகு போனால் நிவாரணமும் பழைய ஓனர் பெயரில்தான் வரும். அவர் கொடுத்தால் உண்டு. கடலோர பாதுகாப்புக் குழும போலீசார் நடுக்கடலில் நிறுத்திக் கேட்டால் 'வாங்கிட்டேன் சார், இன்னும் பேர் மாத்தல' என்ற பதில் எடுபடாது.

சுனாமி நிவாரணப் படகில் இன்னொரு சிக்கல் உண்டு. அப்போது பல இடங்களில் 4, 5 பேர் கொண்ட குழுவுக்கு ஒரு படகு என்று கொடுத்தார்கள். இன்று விற்பவர் ஒருவர். மற்றவர்கள் எங்கே? அவர்களிலோ அவர்கள் வாரிசிலோ ஒருவர் நாளைக்கு வந்து 'எனக்கும் பங்கு இருக்கு' என்று நிற்கலாம். எல்லோர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்க. விற்பவர் ஊர் பஞ்சாயத்துக்கும், உங்க ஊர் பஞ்சாயத்துக்கும் சொல்லிவிட்டு வாங்கினால் பின்னால் தகராறு வராது.

மீன்வளத்துறை உதவி இயக்குனர் அலுவலகத்துக்குப் போகும்போதே இன்னொன்றையும் விசாரித்து வையுங்க. 2020ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவர்கள் பழைய படகுக்குப் பதில் புதுப் படகு வாங்க பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் என்று வைத்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் பழைய படகுக்கு அட்வான்ஸ் கொடுப்பது புத்திசாலித்தனம்.

வாங்கியபிறகு செய்ய வேண்டியது

படகைச் சுற்றி விளிம்பை ஒட்டி ஒரு கயிறு ஓட விடுங்க. கவிழ்ந்த பைபர் வழுவழு என்று இருக்கும், கை நிற்காது. கட்டுமரத்தில் கட்டுக் கயிறு இருந்தது, பிடித்துக்கொண்டார்கள். பைபரில் நாம்தான் கட்ட வேண்டும்.

ஆளுக்கு ஒரு லைப் ஜாக்கெட். 'நீச்சல் தெரிஞ்சவனுக்கு எதுக்கு?' என்ற வீராப்பு நம்ம குப்பத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் சிக்கித் திரும்பாத கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களும் கடலிலேயே வளர்ந்தவர்கள்தான். போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை என்றால், அலை உடையும் இடத்தைத் தாண்டும்போதாவது போடுங்க. கரை ஏறும்போதும், இறங்கும்போதும்தான் பைபர் அதிகம் கவிழ்கிறது.

இரண்டு துடுப்பு, இரண்டு வாளி, செல்போனை வைக்க தண்ணி புகாத பை. போனில் இரண்டு நம்பரைப் பதிந்து வையுங்க. கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல்படைக்கு 1554. கடலோர பாதுகாப்புக் குழும போலீசாருக்கு 1093. வீட்டில் இருப்பவர்கள் போனிலும் இதே நம்பர்கள் இருக்கட்டும். சிக்னல் எட்டாத இடத்தில் நீங்க மாட்டிக்கொண்டால், நேரத்துக்குத் திரும்பவில்லை என்று சொல்லப்போவது அவர்கள்தான்.

பணம் கொடுப்பதில் அவசரம் வேண்டாம். டோக்கன் அட்வான்ஸ் கொஞ்சமாகக் கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதி வாங்குங்க. தண்ணி ரொப்பிப் பார்க்க சம்மதம், பின்பலகை, மிதவை சரியில்லை என்றால் அட்வான்ஸ் திரும்ப என்று தெளிவாக எழுதணும். ஊர் ஆட்கள் இரண்டு பேர் சாட்சி. பாதிப் பணம் படகு கை மாறும்போது. மீதி, மீன்வளத்துறை அலுவலகத்தில் புத்தகத்தில் உங்க பெயர் ஏறிய பிறகு.